பெவிஸ் பாவாவின் வளவு

'பாவா' என்ற பெயரைக் கேட்டால் நம்மவர்களுக்கு முதலில் றபான் தட்டிப் பாடும் பக்கீர்மார்தான் நினைவுக்கு வருவார்கள். கொஞ்சம் வாசிப்புப் பழக்கம் உள்ளவர்களுக்கு ஜெஃப்ரி பாவாவைத் தெரியும். கோட்டே பாராளுமன்றம், கண்டலம ஹோட்டல், ருஹுணு பல்கலைக்கழகம் எல்லாம் அவருடைய கைவண்ணம். 2001இல் ஆகா கான் கட்டடக்கலை விருதுக்குழு வாழ்நாள் பணிக்கான தலைவர் விருதை அவருக்கு வழங்கியது. ஆனால் அவருக்குப் பத்து வயது மூத்த ஒரு நானா இருந்தார் என்பதும், தம்பி கட்டடக்கலையைப் பற்றி யோசிக்கவே தொடங்காத காலத்தில் அந்த நானா மண்ணையும் மரத்தையும் வைத்து ஒரு புதுக் கலையை இந்த நாட்டில் தொடக்கிவிட்டார் என்பதும் பலருக்குத் தெரியாது. அவர் பெயர் பெவிஸ் பாவா. 1909இல் பிறந்து 1992இல் காலமானார்.

இவர்கள் எங்கட ஆக்களா என்ற கேள்வி உடனே வரும், வரட்டும். தகப்பனின் தகப்பன் அஹமது பாவா, காலியைச் சேர்ந்த முஸ்லிம் சட்டத்தரணி. அவர் மணந்தது ஜோர்ஜினா அப்லெட் என்ற ஆங்கிலப் பெண்ணை. அவர்களின் மகன் பெஞ்சமின் பாவா கொழும்பில் பேர்பெற்ற வழக்கறிஞர். அவருடைய மனைவி பேர்தா ஷ்ரேடர் பறங்கிக் குடும்பத்தவர். பிள்ளைகள் இருவரும் ஆங்கிலம் பேசும் கொழும்பு மேல்தட்டுக் குடும்பத்துப் பிள்ளைகளாகவே வளர்ந்தார்கள். ஒரு பாட்டனாரை வைத்து உரிமை கொண்டாடுவதில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. அந்த மனிதர் செய்த வேலை தர்காநகருக்குப் பக்கத்திலேயே இருக்க, நாம் அதைப் பாராமல் இருப்பதுதான் என்னை உறுத்துகிறது.

பேருவளை, அளுத்கம பகுதியில் கடற்கரையை விட்டு உள்ளே போனால் கலவில என்ற ஊர். அங்கே ஒரு றப்பர் தோட்டத்தைப் பெஞ்சமின் பாவா வாங்கினார். ஒரு வழக்கின் 'பிரீஃப்' மூலம் கிடைத்த பணத்தில் வாங்கியதால் தோட்டத்துக்கும் 'பிரீஃப்' என்றே பெயர் விழுந்தது. 1923இல் அவர் காலமானார். மூத்த மகன் பெவிஸ் தோட்டத்துரை வேலை பழகினார். வாப்பா விட்டுப்போன அந்தக் காணிக்கு வந்து, 1929இல் வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தைத் தோட்டமாக்கத் தொடங்கினார். வயது 20. கட்டடக்கலையோ தாவரவியலோ எந்தக் கல்லூரியிலும் அவர் படித்ததில்லை.

இந்த வேலைக்குத் தமிழில் இன்னும் ஒரு பெயர் நிலைக்கவில்லை. லேண்ட்ஸ்கேப் ஆர்கிடெக்ட் என்பதை நிலத்தோற்றக் கலைஞர் என்று இங்கே வைத்துக்கொள்கிறேன். பூமரம் நடுபவரல்லர் அவர். நிலம் எங்கே உயர வேண்டும், எங்கே தாழ வேண்டும், மழைநீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும், நடந்து வருபவர் எந்த இடத்தில் நின்று எதைக் காண வேண்டும், எது அவர் கண்ணுக்கு மறைய வேண்டும் என்றெல்லாம் தீர்மானிப்பவர். தொல்காப்பியத்தின் முதற்பொருளைப் படிப்பிக்கும்போது இந்தத் தொழில் என் நினைவுக்கு வருவதுண்டு. நிலமும் பொழுதும் முதற்பொருள். மரமும் பறவையும் அதற்குப் பிறகு வரும் கருப்பொருள். கட்டடக்காரருக்கு நிலம் மட்டும் போதும், திறப்புவிழா அன்று அவர் வேலை முடிந்துவிடும். தோட்டக்காரருக்கோ பொழுதும் வேண்டும். இன்று நட்ட கன்று முப்பது வருஷம் கழித்து எவ்வளவு நிழல் விழுத்தும் என்று இன்றே கணக்குப் போட வேண்டும்.

வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே தோட்டம் என்றால் நுவரெலியா விக்டோரியா பார்க் மாதிரி, பூப்பாத்தியும் வெட்டிவிட்ட புல்லும்தான். குளிர் தேசத்துப் பழக்கம் அது. கலவில இருப்பதோ வருஷத்துக்கு 2500 மில்லிமீற்றருக்கு மேல் மழை விழும் ஈரவலயத்தில். அங்கே ஒரு தடியை ஊன்றிவிட்டு வந்தாலும் தளிர்க்கும். ஆகவே நடுவதை விட வெட்டுவதில்தான் கலை இருக்கிறது. பெவிஸ் அதைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். றப்பர் மரங்கள் வரிசை பிடித்து நிற்கும் காணிக்குள், வரிசையே இல்லாத ஓர் உலகத்தை உண்டாக்கினார். பூவை விட இலைக்கு முதலிடம் கொடுத்தார். அகன்ற இலைக்குப் பக்கத்தில் ஊசி இலை, கரும்பச்சைக்குப் பக்கத்தில் இளம்பச்சை. பாதை நேரே போகாது. வளையும், படியிறங்கும், ஒரு மூலையில் தண்ணீரும் இன்னொரு மூலையில் ஒரு சிலையும் எதிர்ப்படும். இப்படி ஏறக்குறைய ஐந்து ஏக்கர்.

இதுவே அவருக்கு முழுநேர வேலை அல்ல. 1934 முதல் 1950 வரை நான்கு தேசாதிபதிகளுக்கு ஏ.டி.சி.யாக இருந்தார். 6 அடி 7 அங்குல உயரமான ஆள், இராணுவ உடுப்பில் எப்படி நின்றிருப்பார் என்று எண்ணிப் பார்க்கலாம். தோட்டத்தின் பெயர் பரவியது. பிறருக்கும் தோட்டங்கள் அமைத்துக் கொடுத்தார். அவுஸ்திரேலிய ஓவியர் டொனால்ட் ஃப்ரெண்ட் கொஞ்ச நாள் தங்கிப் போக வந்தவர், ஐந்து வருஷத்துக்கு மேல் அங்கேயே இருந்துவிட்டார். அவர் தீட்டிய பெரிய சுவரோவியம் இன்றும் அந்த வீட்டில் இருக்கிறது.

தம்பியின் கதைக்கு வருவோம். ஜெஃப்ரி சட்டம் படித்தவர். அந்தத் தொழிலில் மனம் ஒட்டாமல் ஊர் சுற்றினார். 1948இல் பெந்தோட்டைக்கு அருகே, தெத்துவ வாவிக்கரையில் லுணுகங்க என்ற றப்பர் காணியை வாங்கினார். நானா தோட்டம் தொடங்கி 19 வருஷம் ஆகியிருந்தது. காணியை வாங்கிய பிறகுதான், தன் நினைப்பைச் செயலாக்கத் தனக்குத் தொழில் அறிவு போதாது என்று கண்டு லண்டனுக்குப் படிக்கப் போனார். 1957இல் கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்றபோது வயது 38. ஒரு தோட்டத்திலிருந்துதான் அந்தக் கட்டடக் கலைஞர் பிறந்தார். அவருடைய கட்டடங்களில் முற்றமும் மரமும் மழையும் ஏன் சுவருக்குச் சமமாக இடம் பிடிக்கின்றன என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

லுணுகங்கயில் அவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்லாமல் விட முடியாது. வீட்டுக்குத் தெற்கே ஒரு மேடு இருந்தது. அதன் உச்சியைச் சீவித் தாழ்த்தி, மரங்களை விலக்கியதும், மேட்டுக்கு அப்பால் கிடந்த வாவியும் தூரத்து விகாரையின் தாதுகோபுரமும் வீட்டிலிருந்தே தெரிந்தன. நடுவில் ஊராக்கள் போகும் பாதை ஒன்று குறுக்கிட்டது. பாதையை மூடவில்லை; பள்ளத்தில் இறங்கிப் போகும்படி விட்டு, மேலே பாலம் போட்டார். இப்போது புல்வெளி இடைவெளியில்லாமல் மேட்டுக்கு ஏறுவதுபோலக் கண்ணுக்குப் படும், கீழே சைக்கிள்காரர் தன்பாட்டில் போய்க்கொண்டிருப்பார். தனக்குச் சொந்தமில்லாத வாவியும் கோபுரமும் இப்படி அவருடைய தோட்டத்தோடு சேர்ந்துகொண்டன. அரலி மரக்கிளைகளில் பாரம் கட்டித் தொங்கவிட்டு, வேண்டிய பக்கம் வளைத்தார் என்பது இன்னொரு செய்தி. பொழுதைக் கையாளுவது என்று மேலே சொன்னது இதைத்தான்.

ஐந்து ஏக்கரும் இருபத்தைந்து ஏக்கரும் உள்ளவர்கள் கதை நமக்கு எதற்கு என்று யாராவது கேட்கலாம். எங்கட கரையோர ஊர்களில் பத்துப் பேர்ச் காணி கிடைப்பதே பெரும்பாடு, உண்மைதான். ஆனால் அந்தப் பத்துப் பேர்ச்சிலும் வீடு போக மிஞ்சும் துண்டுக்கு மதிலோடு மதிலாக இன்டர்லொக் கல் பதித்துவிடுகிறோம். குப்பை விழும் என்று முருங்கையைத் தறிக்கிறோம், வேர் வரும் என்று மாமரத்தைத் தறிக்கிறோம். பிறகு மழைக்குத் தண்ணீர் போக வழியில்லாமல் ஒழுங்கையில் நிற்கிறது, வெயிலுக்கு முற்றத்தில் கால் வைக்க முடியவில்லை. உம்மாமார் வளவில் கறிவேப்பிலையும் கிணற்றடி வாழையும் இருந்த காலத்தில், குளித்த தண்ணீர் வாழைக்குப் போனது, வாழை கிணற்றடிக்கு மறைப்பானது. யாரும் அதை நிலத்தோற்றக் கலை என்று அழைக்கவில்லை. பெவிஸ் பாவா தண்ணீருக்கும் நிழலுக்கும் மறைப்புக்கும் பார்த்த கணக்கும் இதே கணக்குதான்.

பெவிஸுக்குப் பிள்ளைகள் இல்லை. றப்பர் காணியில் பெரும் பங்கைத் தன்னிடம் வேலை செய்தவர்களுக்கே பிரித்துக் கொடுத்தார். வீடும் தோட்டமும் அவரோடு கடைசிவரை இருந்த ஒருவரிடம் போய்ச் சேர்ந்தன. தோட்டம் பார்வையாளருக்குத் திறந்திருக்கிறது, நுழைவுக் கட்டணம் உண்டு. மழை பெய்த மறுநாள் காலையில் போனால் இலைகளின் நிறம் நன்றாகத் தெரியும். படிகளில் பாசி பிடித்திருக்கும், பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் செருப்பைப் பார்த்துப் போட்டுக்கொண்டு போக வேண்டும்.