ஓடாத கடல்: ஸ்லாப் ஓஷன் செட்டப்

காலநிலை மாடலை நம்ம மெஷின்லயே ஓட்டணும்னா முதல்ல வெட்ட வேண்டியது கடலைத்தான். ஆழ்கடல் சமநிலைக்கு வர்றதுக்கு மாடல் கணக்குல ஆயிரக்கணக்கான வருஷம் ஆகும். அவ்வளவு பொறுமை யாருக்கும் கிடையாது. அதனால கடலை ஒரே ஒரு தண்ணீர் அடுக்கா மாத்திடறாங்க. அது சூட்டை வாங்கும், விடும், ஆனா ஓடாது. இதுதான் ஸ்லாப் ஓஷன். கார்பன் டை ஆக்சைடு நாலு மடங்கானா என்ன ஆகும்னு மனாபேயும் ஸ்டௌஃபரும் 1980-ல் ஆராய்ந்தது இப்படி ஒரு கடலை வெச்சுதான்.

எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தின் இஸ்கா மாடலை எடுத்துக்குவோம். பைத்தான்ல ஒரு டிக்‌ஷனரி எழுதினா அதுவே ஃபோர்ட்ரான் நேம்லிஸ்ட் ஆகிடும். அதுல கண்டமே இல்லாத, முழுக்கத் தண்ணியான ஒரு பூமியும் இருக்கு. எளிய உதாரணத்துல அடுக்கின் ஆழம் 2.5 மீட்டர், ஆல்பிடோ 0.31. கடலுக்கு இது ரொம்ப அதிகமாச்சேன்னு தோணும். அந்த உதாரணத்துல மேகமே இல்லை. மேகம் திருப்பி அனுப்ப வேண்டிய வெயிலையும் தரையே அனுப்புது, அவ்ளோதான்.

ஆழம் பதிலை அதிகம் மாத்தாது, வேகத்தை மாத்தும். 50 மீட்டர் அடுக்கில் ஒரு சதுர மீட்டரை 1 டிகிரி சூடாக்க சுமார் 20 கோடி ஜூல் வேணும். புதுச் சமநிலையை நோக்கிப் பாதி தூரத்துக்கு மேல போகவே ஏறக்குறைய 5 வருஷம். 2.5 மீட்டர்னா மூணு, நாலு மாசம். ஆனா பருவங்களைப் பத்தி ஆராயறீங்கன்னா, ஆழம் குறைஞ்சா கோடைக்கும் குளிருக்கும் உள்ள வித்தியாசம் எகிறிடும்.

உண்மையான சிக்கல் கியூ ஃப்ளக்ஸ். தண்ணி ஓடாததால, நீரோட்டம் சுமக்கிற வெப்பத்தை நாமதான் ஒரு ஃபைலா கொடுக்கணும். கடல் வெப்பநிலையை நிலையா வெச்சு ஒரு ரன் ஓட்டி, மேற்பரப்புக்கு மாசாமாசம் வர்ற நிகர வெப்பத்தைக் கணக்கிட்டு, தண்ணியில் தேங்கினதைக் கழிச்சா மீதிதான் அது.

இதோட உலக சராசரி பூஜ்யமா இருக்கணும். நீரோட்டம் வெப்பத்தை இடம் மாத்தும், உருவாக்காது. சதுர மீட்டருக்கு 1 வாட் மிச்சம் நின்னாலே பூமி முக்கால் டிகிரி போல சூடாகிடும். கார்பன் டை ஆக்சைடு இரட்டிப்பானா கிடைக்கிறதே 3.7 வாட் சுமார்தான். ரெண்டு ரன்லயும் ஒரே ஃபைல்னா இந்தத் தப்பு பெரும்பாலும் கழிஞ்சிடும். ஆனா வடக்கைச் சூடாக்கி, தெற்கைக் குளிராக்கி, மழைப் பட்டை எவ்வளவு வடக்கே நகருதுன்னு பார்க்கும்போது மாறுறதே அந்த ஃபைல்தான். அங்க கோடு கிராஷ் ஆகாது, தப்பான முடிவு அழகான படமா வந்து நிக்கும்.

பெரும்பாலும் காரணம் நம்பையின் சாதாரண மீன் ஃபங்ஷன். துருவத்துக்குப் பக்கத்துல கட்டங்கள் சின்னது. அட்சரேகையின் கொசைனால பெருக்கித்தான் சராசரி எடுக்கணும். ரன் முடிஞ்சதும் வளிமண்டலத்தின் உச்சியில் நிகர கதிர்வீச்சைப் பாருங்க. அது பூஜ்யத்தை ஒட்டி நிக்கலைன்னா, மழைப் படத்தைத் திறக்கறதுக்கு முன்னாடி கியூ ஃப்ளக்ஸ் ஃபைலைத் திறங்க.