'ஃபார்மேட் செய்யவா?' எனக் கேட்கும் மெமரி கார்டு... அவசரப்பட்டு ஓகே கொடுக்காதீங்க!

காதுகுத்து முடிந்து ஊர் திரும்பிய மறுநாள். கேமராவின் மெமரி கார்டை லேப்டாப்பில் செருகினால், படங்களுக்குப் பதில் ஓர் அறிவிப்புதான் வருகிறது. 'இந்த டிஸ்க்கைப் பயன்படுத்தும் முன் ஃபார்மேட் செய்ய வேண்டும்' என்கிறது. தாய்மாமன் மடியில் குழந்தை அழுத படம், நடக்க முடியாத பாட்டியை நாற்காலியோடு தூக்கிவந்து நடுவில் உட்காரவைத்து எடுத்த குடும்பப் படம் எல்லாமே அந்தச் சின்ன கார்டுக்குள்தான் இருக்கின்றன. பதற்றத்தில் கை ஃபார்மேட் பட்டனுக்குத்தான் போகும்.

வேண்டாம். 'கேன்சல்' கொடுத்துவிட்டு கார்டை வெளியே எடுத்துவிடுங்கள்.

இந்த அறிவிப்பு வந்தாலே படங்கள் போய்விட்டன என்று அர்த்தமில்லை. மெமரி கார்டு, பென் டிரைவ் எல்லாவற்றிலும் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் பட்டியல் ஒன்று உண்டு. புத்தகத்தின் பொருளடக்கம் மாதிரி. காப்பி ஆகிக்கொண்டிருக்கும்போதே பிடுங்குவது, எழுதும் நேரத்தில் கேமராவின் சார்ஜ் தீர்ந்துபோவது போன்ற காரணங்களால் அந்தப் பக்கம் கிழிந்துவிடுகிறது. உள்ளே இருக்கும் பக்கங்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். தவறுதலாக டெலிட் செய்த படங்களுக்கும் இதே கதைதான். அந்த இடத்தில் புதிதாக ஏதாவது பதிவாகும் வரை வாய்ப்பு உண்டு. எனவே, அந்த கார்டில் இனி ஒரு படம்கூட எடுக்கக் கூடாது.

முதலில் வேறு கார்டு ரீடரில், வேறு யூ.எஸ்.பி போர்ட்டில், முடிந்தால் வேறு கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்கள். கார்டு நன்றாக இருந்து, ரீடர் மட்டும் பழுதாகியிருப்பதும் உண்டு. அப்படியும் திறக்கவில்லை என்றால், 'போட்டோரெக்' என்ற இலவச மென்பொருள் கைகொடுக்கும். அது பொருளடக்கத்தைப் பார்க்காமல், கார்டு முழுவதையும் துழாவிப் படங்களை எடுத்துத் தரும். மீட்ட படங்களை அதே கார்டில் சேமிக்காமல், கம்ப்யூட்டரில் சேமிக்க வேண்டும். பழைய ஃபைல் பெயர்கள் திரும்பி வராது. வெறும் எண்களாகத்தான் இருக்கும். பாட்டி படத்தைத் தேடிப்பிடிக்க ஒரு சாயங்காலம் ஆகலாம், பரவாயில்லை.

'செக் டிஸ்க் போடுங்கள், சரியாகிவிடும்' என்று யாராவது யோசனை சொல்வார்கள். அது கிழிந்த பொருளடக்கத்தை ஒட்டவைக்கும் வேலை. அந்த முயற்சியில் ஃபைல்கள் துண்டு துண்டாகிவிடும் ஆபத்தும் உண்டு. படங்களை மீட்ட பிறகு செய்துகொள்ளலாம்.

ஏற்கெனவே ஃபார்மேட் கொடுத்துவிட்டீர்களா? 'குயிக் ஃபார்மேட்' என்றால் இன்னும் நம்பிக்கை இருக்கிறது. அது பெரும்பாலும் பட்டியலை மட்டுமே புதிதாக்கும். அந்த டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் கொடுத்திருந்தால், விண்டோஸ் எல்லா இடத்திலும் பூஜ்யத்தை எழுதிவிடும். பிறகு எதுவும் மிஞ்சாது.

ஹார்டு டிஸ்க் மட்டும் வேறு ஜாதி. உள்ளே தட்டுகள் சுழல்கின்றன. 'டிக்... டிக்...' என்று சத்தம் கேட்டால் மென்பொருள் எதையும் முயலாமல் உடனே இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். ஓட ஓட சேதம் கூடும். ஃப்ரீசரில் வைக்கச் சொல்லும் வீடியோக்களை நம்பாமல், டேட்டா ரெக்கவரி செய்பவர்களிடம் கொடுப்பதே வழி. செலவு அதிகம்தான்.

பழுதே இல்லாமல் பயமுறுத்தும் விஷயங்களும் உண்டு. 64 ஜி.பி பென் டிரைவ் கம்ப்யூட்டரில் 59.6 ஜி.பி என்று காட்டினால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். தயாரிப்பாளர்கள் ஒரு ஜி.பி-யை 100 கோடி பைட் என்று கணக்கிடுகிறார்கள், விண்டோஸ் சுமார் 107 கோடி என்று கணக்கிடுகிறது. இடம் இருந்தும் பெரிய வீடியோ ஒன்று ஏறவில்லையா? டிரைவ் 'ஃபேட் 32' முறையில் இருக்கும். அதில் 4 ஜி.பி-க்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் ஏறாது. உள்ளே இருப்பதைக் காப்பி எடுத்துக்கொண்டு, 'எக்ஸ்ஃபேட்' முறையில் ஃபார்மேட் செய்தால் போதும்.

போலி கார்டு என்றால்தான் சண்டை நியாயம். 256 ஜி.பி என்று காட்டும், உள்ளே 16 ஜி.பி-தான் இருக்கும். அதைத் தாண்டியதும் புதுப் படங்கள் பாதி சாம்பல் நிறமாக வரும், அல்லது திறக்கவே திறக்காது. வாங்கிய அன்றே, காலியாக இருக்கும்போதே 'ஹெச்2டெஸ்ட்டபிள்யூ' என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டால் உண்மையான அளவு தெரிந்துவிடும். பெரிய கார்டு என்றால் சில மணி நேரம்கூட ஆகும். பில்லைத் தூக்கிப் போடுவதற்கு முன் செய்துவிடுங்கள்.