இயங்கும் கணினியில் கோளாறு தேடும் கருவி: அதற்கே வந்த கோளாறும் தீர்வும்

பாரோய் கடைத்தெருவில் ஒருவர் கைப்பேசியால் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பணம் கட்டுகிறார். அந்த ஆண்டிராய்டு கைப்பேசிக்குள் வேலை செய்வது லினக்ஸ் கெர்னல். உலகெங்கும் இணையச் சேவைகளைத் தாங்கும் எண்ணற்ற பெரிய கணினிகளிலும் இதே கெர்னல்தான்.

கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி. நினைவகம், கோப்புகள், இணையத் தொடர்பு ஆகியவற்றைப் பங்கிட்டுக் கொடுப்பது அது. ஒரு செயலியில் பிழை வந்தால் அந்தச் செயலி மட்டும் மூடிக்கொள்ளும். கெர்னலில் பிழை வந்தால் கணினியே நின்றுவிடக்கூடும்.

முன்பெல்லாம் கெர்னலில் பிழை தேடுவது பெரும்பாடு. சந்தேகப்படும் இடத்தில் கூடுதல் வரிகளை எழுதி, கெர்னலை மறுபடி உருவாக்கி, கணினியை அணைத்துப் போட வேண்டும். பலர் பயன்படுத்தும் கணினியை அப்படி அடிக்கடி அணைக்க முடியாது. அணைத்துப் போட்டபின் அதே பிழை மீண்டும் தலைகாட்டும் என்பதும் உறுதியில்லை.

இதற்கு வழி செய்ததுதான் 'கேப்ரோப்ஸ்'. ஐபிஎம் நிறுவனத்தின் இந்தியப் பொறியாளர் வம்சி கிருஷ்ணா 2002-இல் இதன் முதல் வடிவத்தை எழுதினார். பெங்களூரில் பணியாற்றிய பிரசன்னா பஞ்சமுகி உள்ளிட்டோர் அதை மேம்படுத்தினர். 2004 அக்டோபரில் வெளிவந்த லினக்ஸ் 2.6.9 பதிப்பில் அது இடம்பெற்றது.

பால்மரம் சீவியவர்களுக்கு இதன் வேலை எளிதில் விளங்கும். மரத்தைச் சாய்க்காமல், பட்டையில் மெல்லிய கோடு இழுத்துப் பால் எடுப்பது போன்றது இது. இன்டெல் வகை புரோசசரில், கண்காணிக்க வேண்டிய கட்டளையின் முதல் பைட்டை மட்டும் எடுத்துவிட்டு, அங்கே 'நில்' என்னும் கட்டளையை கேப்ரோப்ஸ் வைக்கும். புரோசசர் அங்கு வந்ததும் ஒரு கணம் நிற்கும். பொறியாளர் கேட்ட தகவல் பதிவாகும். பிறகு, பத்திரப்படுத்திய அசல் கட்டளை நிறைவேறி, வேலை தொடரும். கணினியை அணைக்கத் தேவையில்லை.

சிக்கல் வேறோர் இடத்தில் இருந்தது. 'நில்' கட்டளையைக் கையாள கெர்னலுக்கே சில உள்பகுதிகள் தேவை. அந்தப் பகுதி ஒன்றிலேயே 'நில்' வைத்துவிட்டால்? அதைக் கையாளப் போகும்போது மறுபடியும் 'நில்', அதைக் கையாளப் போனால் இன்னொரு 'நில்'. முடிவில்லாத சுழற்சியில் கணினி விழுந்துவிடும். பிழை தேட வந்த கருவியே கணினியைச் சாய்த்துவிடும்.

ஒரு புரோப் வேலை செய்யும்போது இன்னொன்று குறுக்கிட்டால், இரண்டாவதன் பதிவை விட்டுவிடும் பாதுகாப்பு ஏற்கெனவே இருந்தது. ஆனால் அந்தச் சோதனையை எட்டும் முன்பே சுழற்சி தொடங்கினால் அது உதவாது.

2014-இல் ஜப்பானியப் பொறியாளர் மசாமி ஹிரமாட்சு இதைச் சீர்ப்படுத்தினார். புரோப் வைக்கக் கூடாத பகுதி ஒவ்வொன்றுக்கும் ஒரே வரியில் அடையாளமிடும் முறையை அவர் கொண்டுவந்தார். அப்படி அடையாளமிட்டவை ஒரு தடைப்பட்டியலில் சேரும். அங்கே புரோப் வைக்க யாராவது முயன்றால் கெர்னல் மறுத்துவிடும். அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்த லினக்ஸ் 3.16-இல் இது சேர்ந்தது.

கத்தி எவ்வளவு கூர்மை என்பதைவிட, எந்த ஆழத்தில் நிறுத்த வேண்டும் என்பதை அறிவதே சீவுபவரின் திறமை. ஆழம் மீறினால் பட்டை சீராக வளராது, மரமும் கெடும். இந்தத் திருத்தமும் அப்படித்தான்: கருவியைத் தொடக்கூடாத இடத்திலிருந்து விலக்கி வைத்தது.

கணினித் துறை படிக்கும் நம் பிள்ளைகள் இதைத் தாங்களே பழகலாம். லினக்ஸ் மூல நிரலில் கேப்ரோப்ஸுக்கான மாதிரி நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் அன்றாடம் பயன்படுத்தும் கணினியில் வேண்டாம். மெய்நிகர் கணினி ஒன்றை அமைத்து அதில் முயல்வதே நல்லது. பிழை கண்டு திருத்தம் எழுதினால் யாரும் அனுப்பலாம். பராமரிப்பாளர்கள் பார்ப்பது திருத்தம் சரியா என்பதைத்தான். அனுப்பியவர் எந்த ஊர் என்பதையல்ல.