லாபிஸ் லசூலி

லாபிஸ் லசூலி என்பது அடர்ந்த நீல நிறமுடைய, ஓரளவு விலைமதிப்புள்ள கல்லாகும். இது தனிக் கனிமம் அன்று. பல கனிமங்கள் சேர்ந்த உருமாறிய பாறை ஆகும். நவமணிகளுள் ஒன்றான நீலம் இதனின்றும் வேறானது. எனினும், பண்டைய கிரேக்கரும் உரோமரும் சஃபைர் என்னும் சொல்லின் மூலவடிவத்தால் குறித்தது லாபிஸ் லசூலியையே எனக் கருதப்படுகிறது.

பெயர்

இலத்தீனில் லாபிஸ் என்பது கல்லைக் குறிக்கும். லசூலி என்பது பாரசீகச் சொல்லான லாஜ்வர்த் என்பதிலிருந்து வந்தது.

இயல்புகள்

இதன் முதன்மைக் கனிமம் லசூரைட்டு ஆகும். மூன்று கந்தக அணுக்கள் இணைந்த எதிர்மின் அயனிகளே நீல நிறத்துக்குக் காரணம். வெண்ணிறக் கீற்றுகள் கால்சைட்டினாலும், பொன்னிறப் புள்ளிகள் பைரைட்டினாலும் உண்டாகின்றன. மோவின் அளவுகோலில் இதன் கடினத்தன்மை ஏறத்தாழ 5 முதல் 5.5 வரை ஆகும். ஆகவே இதைச் செதுக்குவதும் மெருகூட்டுவதும் எளிது.

கிடைக்கும் இடங்கள்

ஆப்கானித்தானின் படக்சான் மாகாணத்தில், கோக்சா ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ள சர்-இ-சங் சுரங்கங்கள் 6000 ஆண்டுகளுக்கும் மேலாகப் பயன்பாட்டில் உள்ளன. சிலி நாட்டிலும், உருசியாவின் பைக்கால் ஏரிப் பகுதியிலும் இக்கல் கிடைக்கிறது.

பண்டைக் காலம்

மெகர்கரின் புதியகற்காலப் புதைகுழிகளில் இக்கல்லால் ஆன மணிகள் கிடைத்துள்ளன. சிந்துவெளி மக்கள் வடக்கு ஆப்கானித்தானில் அமைத்த சோர்துகை குடியிருப்பு, இக்கல்லின் வணிகத்தோடு தொடர்புடையது. மெசொப்பொத்தேமியாவின் ஊர் நகர அரச இடுகாட்டில், கிமு 2600 அளவைச் சேர்ந்த லாபிஸ் பதித்த பொருட்கள் கண்டெடுக்கப்பட்டன. எகிப்திய மன்னர் துட்டன்காமனின் பொன் முகமூடியில் புருவங்களும் கண்விளிம்புகளும் இக்கல்லால் ஆனவை.

நிறமி

கல்லை வெறுமனே பொடியாக்கினால் சாம்பல் கலந்த நீலமே கிடைக்கும். எனவே பொடியை மெழுகு, பிசின் ஆகியவற்றுடன் பிசைந்து, காரநீரில் அலசி நீலத்துகளைப் பிரித்தெடுத்தனர். கடலுக்கு அப்பாலிருந்து வந்ததால் இது ஐரோப்பாவில் அல்ட்ராமரைன் எனப்பட்டது. விலை மிகுந்த இந்நிறமி, பெரும்பாலும் கன்னி மரியாளின் ஆடையைத் தீட்டப் பயன்பட்டது. வெர்மீர் 1665 அளவில் வரைந்த முத்துக் காதணிப் பெண் ஓவியத்திலும் இது உள்ளது.

செருமனியின் டால்ஹைம் மடத்தில் புதைக்கப்பட்ட, சுமார் 1000 - 1200 காலத்துப் பெண் ஒருவரின் பற்காறையில் லாபிஸ் துகள்கள் இருந்தமை 2019 இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. அவர் தூரிகையை நாவால் கூராக்கியிருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. ஏட்டுச் சுவடிகளை அழகூட்டிய பணியில் பெண்களும் ஈடுபட்டனர் என்பதற்கு இது சான்றாகக் கொள்ளப்படுகிறது.

1824 இல் பிரான்சில் செயற்கை அல்ட்ராமரைனுக்கு 6000 பிராங்கு பரிசு அறிவிக்கப்பட்டது. 1828 இல் அதனை ழான்-பப்டிஸ்ட் கிமே பெற்றார். அதன்பின் இந்த நீலம் மலிவாகக் கிடைக்கலாயிற்று.

தற்காலம்

இக்கல் இன்றும் அணிகலன்களுக்கும் சிற்பங்களுக்கும் பயன்படுகிறது. படக்சான் சுரங்க வருவாய் ஆயுதக் குழுக்களுக்குச் சென்று மோதல்களை வளர்ப்பதாக, 2016 இல் குளோபல் விட்னஸ் அமைப்பு அறிக்கை வெளியிட்டது.