திருடன் யார்? கேட்டுப் பழகுவோம்

ஊரில் மின்சாரம் நின்ற மாலைகளில் ஆடிய ‘ராஜா ராணி’ சீட்டு விளையாட்டு நினைவிருக்கிறதா? ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன் என்று துண்டுக் காகிதங்களில் எழுதி, மடித்துக் குலுக்கிப் போடுவோம். போலீஸ் சீட்டு வந்தவர், மற்றவர்களின் முகத்தைப் பார்த்தே திருடனைக் கண்டுபிடிக்க வேண்டும். தவறினால் அவருடைய புள்ளிகள் திருடனுக்கு! இதே வகையில் சற்றுப் பெரிய விளையாட்டு ‘மாஃபியா’. மாஸ்கோ பல்கலைக்கழக உளவியல் துறையைச் சேர்ந்த திமித்ரி தாவிதோவ் 1986-இல் உருவாக்கியது. 2020 ஊரடங்கின்போது நம் பிள்ளைகள் ஓயாமல் ஆடிய ‘அமங் அஸ்’ இதன் வழி வந்ததுதான்.

நலவாழ்வுப் பக்கத்தில் விளையாட்டு எதற்கு என்று கேட்கலாம். நம்மில் பலர் வீட்டில், வளர்ந்த பிள்ளையுடன் பேச்சு “சாப்பிட்டாயா, வீட்டுப்பாடம் முடிந்ததா” என்பதோடு நின்றுவிடுகிறது. பள்ளியில் யாராவது துன்புறுத்தினாலோ, மனம் சோர்ந்தாலோ அந்தப் பிள்ளை திடீரென்று நம்மிடம் வாய் திறக்காது. பேச்சும் ஒரு பழக்கம்தானே.

எட்டு, ஒன்பது பேர் இருந்தால் போதும். ஒருவர் ஆட்டத்தை நடத்துவார். சீட்டுகளில் இரண்டு திருடர்கள், ஒரு போலீஸ், மற்றவர்கள் ஊர்மக்கள். ‘இரவு’ என்றதும் எல்லோரும் கண்ணை மூட வேண்டும். திருடர்கள் மட்டும் கண் திறந்து ஒருவரைச் சத்தமில்லாமல் சுட்டிக்காட்டுவார்கள். அவர் ஆட்டத்திலிருந்து விலகுவார். அடுத்து போலீஸ் கண் திறந்து ஒருவரைக் காட்ட, அவர் திருடனா இல்லையா என்று நடத்துபவர் தலையசைப்பார். ‘பகல்’ வந்ததும் எல்லோரும் விவாதித்து, வாக்கெடுத்து ஒருவரை வெளியேற்ற வேண்டும். இரு திருடரும் பிடிபட்டால் ஊருக்கு வெற்றி. திருடரும் ஊராரும் எண்ணிக்கையில் சமமாகிவிட்டால் திருடருக்கு வெற்றி.

முகத்தைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடித்துவிடுவோம் என்று நமக்கெல்லாம் ஒரு நம்பிக்கை. பாண்ட், டிபாலோ என்ற இரு உளவியலாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் வெளியிட்ட கணக்குப்படி, சராசரியாக நூற்றுக்கு 54 முறைதான் மக்கள் சரியாகச் சொல்கிறார்கள். காசைச் சுண்டிப் பார்த்தாலே 50 வந்துவிடும்! எனவே “அவன் முழியே சரியில்லை” என்பதைக் காரணமாக ஏற்காதீர்கள். “முதலில் மாமாவைச் சொன்னாய், இப்போது ஏன் மாற்றினாய்?” என்று கேட்கட்டும். அப்படிக் கேட்க, பிறர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும். “தாத்தா, நீங்கள் ஏன் பேசாமலே இருக்கிறீர்கள்?” என்று பேரன் மரியாதையாகவே விசாரிக்கலாம். தமிழில் திக்கினால் நடுவில் திருத்த வேண்டாம். ஆட்டமும் கெடும், பிள்ளையும் ஒதுங்கிவிடும்.

பொய் சொல்லப் பழக்குகிறோமே என்று சிலர் தயங்குவார்கள். எல்லோரும் சம்மதித்து ஆடும் நடிப்பு இது. சீட்டைத் திறந்ததும் முடிந்துவிடும். என் கவலை வேறு. கூச்ச சுபாவமுள்ள பிள்ளையையே எல்லோரும் முதலில் வெளியேற்றுவார்கள். ஒரு முறை பரவாயில்லை. மறுமுறையும் நடந்தால், அடுத்த ஆட்டத்தை நடத்தும் பொறுப்பை அந்தப் பிள்ளையிடம் கொடுங்கள். யாரும் வெளியேறத் தேவையில்லாத ‘ரெசிஸ்டன்ஸ்’ என்ற விளையாட்டும் கடைகளில் கிடைக்கிறது. 5 முதல் 10 பேர் ஆடலாம். சின்னஞ்சிறுசுகளுக்கு நம் ராஜா ராணியே போதும்.

ஆட்டம் முடிந்த கையோடு எழுந்துவிடாமல் பத்து நிமிடம் உட்காருங்கள். “எல்லோரும் உன்னைச் சந்தேகப்பட்டபோது எப்படி இருந்தது?” என்று கேளுங்கள். பதில் வரச் சற்று நேரமாகலாம். இடையில் நீங்கள் பேசாதீர்கள்.