மலாவி ஏரிச் சிக்லிட் மீன் வளர்ப்பு

மலாவி ஏரிச் சிக்லிட் மீன் வளர்ப்பு என்பது கிழக்கு ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைத் தாயகமாகக் கொண்ட சிக்லிட் மீன்களை வீட்டுக் கண்ணாடித் தொட்டிகளில் வளர்ப்பதாகும். உணவு மீனான திலாப்பியாவும் (ஜிலேபிக் கெண்டை) இதே சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்தது. நன்னீர் மீன்களாயினும் மலாவிச் சிக்லிட்கள் பவளப்பாறை மீன்களுக்கு நிகரான மஞ்சள், நீல நிறங்களைக் கொண்டவை. எனினும், ஏனைய வண்ண மீன்களைப் போல எண்ணி வளர்ப்பவர்களின் தொட்டியில் இவை நெடுநாள் வாழ்வதில்லை.

தாயகம்

மலாவி ஏரி மலாவி, மொசாம்பிக், தான்சானியா ஆகிய நாடுகளுக்கு இடையில், ஏறத்தாழ 700 மீட்டர் ஆழமுடையது. இங்குள்ள பல நூறு சிக்லிட் இனங்களில் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் காணப்படுவதில்லை. கரையோரப் பாறைகளிடையே வாழ்பவை "எம்புனா" எனப்படுகின்றன. தொட்டிகளில் மிகுதியாக வளர்க்கப்படுபவை இவையே. இக்கட்டுரை எம்புனா வளர்ப்பையே விளக்குகிறது.

நீரின் தன்மை

ஏரி நீர் கடினமானது, காரத்தன்மை உடையது. தொட்டியில் பி.எச். மதிப்பு 7.8 முதல் 8.6 வரையும், வெப்பநிலை 24 முதல் 28 பாகை செல்சியசு வரையும் இருத்தல் வேண்டும். நீர் மென்மையாக இருப்பின் பவளத்தூள் அல்லது சுண்ணாம்புக்கல் இட்டுக் கடினத்தன்மையைக் கூட்டலாம்.

காரநீரில் ஓர் ஆபத்தும் உண்டு. பி.எச். 7 அளவில் மீன்கழிவின் பெரும்பகுதி நச்சு குறைந்த அமோனியம் அயனியாக இருக்கும். பி.எச். 8-ஐத் தாண்டும்போது நச்சுமிக்க அமோனியாவின் பங்கு பல மடங்கு உயர்கிறது. எனவே, கழிவை மாற்றும் பாக்டீரியாக்கள் வடிகட்டியில் பெருகிய பின்னரே மீன்களை விட வேண்டும். இதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். பின்னர் வாரந்தோறும் கால் பங்கு நீரை மாற்றுதல் நன்று.

தொட்டி அமைப்பு

200 லிட்டருக்குக் குறையாத, ஏறத்தாழ 120 செ.மீ. நீளமுள்ள தொட்டி ஏற்றது. இம்மீன்கள் மணலைத் தோண்டுவதால், பாறைகளை முதலில் தொட்டியின் அடித்தளத்தில் அசையாதவாறு அடுக்கி, அதன் பிறகே மணலைப் பரப்ப வேண்டும். மணலின் மேல் வைத்த பாறைகள் சரிந்து கண்ணாடியை உடைக்கக்கூடும். செடிகளில் பெரும்பாலானவற்றை இவை தின்றுவிடும்.

சண்டைக் குணம்

ஆண் மீன் தனக்கென ஓர் எல்லையை வகுத்துக்கொண்டு பிற மீன்களை விரட்டும். இரண்டு மூன்று மீன்களை மட்டும் வளர்த்தால் வலிமை குன்றியது தொடர்ந்து தாக்கப்பட்டு இறந்துவிடும். கூட்டமாக வளர்க்கும்போது தாக்குதல் பலவற்றின் மீதும் பரவி, தனியொரு மீனுக்கு நேரும் தீங்கு குறைகிறது. ஓர் ஆணுக்கு மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பெண் மீன்கள் இருத்தல் வேண்டும். மீன்கள் மிகுதியாக இருப்பதால் வடிகட்டியும் திறன்மிக்கதாக இருக்க வேண்டும்.

உணவு

எம்புனாக்களில் பல பாறைகளில் படியும் பாசியை உண்பவை. ஆதலால் இவற்றின் குடல் நீளமானது. மாட்டு இதயம், டியூபிபெக்சு புழு போன்ற புலால் உணவுகள் செரிமானத்தைக் கெடுக்கும். வயிறு வீங்குதல், உணவை மறுத்தல், வெண்ணிற இழை போன்ற கழிவு ஆகியன "மலாவி வீக்கம்" எனும் நோயின் அறிகுறிகள். இது பெரும்பாலும் உயிரைப் பறிக்கும். ஸ்பைருலினா கலந்த உணவைச் சிறிதளவாக அளித்தலே பாதுகாப்பானது.

இனப்பெருக்கம்

பெண் மீன் முட்டைகளை வாயில் எடுத்துக்கொள்ளும். ஆணின் குதத் துடுப்பிலுள்ள முட்டை போன்ற புள்ளிகளைப் பெண் கவ்வ முயலும்போது முட்டைகள் கருவுறுகின்றன. ஏறத்தாழ மூன்று வாரங்கள் பெண் மீன் உணவைத் தவிர்த்துக் குஞ்சுகளை வாயில் காக்கும். நெருங்கிய இனங்கள் ஒரே தொட்டியில் கலந்து கலப்பினக் குஞ்சுகளை ஈனுவதால், ஒத்த தோற்றமுடைய இனங்களைச் சேர்த்து வளர்த்தல் கூடாது.

பாதுகாப்பு

மலாவி ஏரித் தேசியப் பூங்கா 1984 இல் உலக பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது. எனினும், சிறு பாறைத்திட்டில் மட்டும் வாழும் சின்டோங்கோ சவுலோசி போன்ற இனங்கள் வணிகத்திற்காகப் பிடிக்கப்பட்டு அருகிவிட்டன. தொட்டியில் பிறந்த மீன்களையே வாங்குவது இவ்வினங்களைக் காக்க உதவும். வேண்டாத மீன்களைக் குளங்களிலோ ஆறுகளிலோ விடுதல் உள்ளூர் மீன்களுக்குக் கேடு விளைவிக்கும்.