தமிழ் பேசுவாளா ஆலிஸ்?

நம் திருப்பூர் பனியன்களில், வாங்கும் நாட்டுக்கு ஏற்ப அச்சிடும் வாசகத்தின் மொழி மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். வீடியோ கேமிலும் அப்படி உண்டு.

ஜப்பானின், 'சேகா' நிறுவனம், 1987ல், 'பேன்டசி ஸ்டார்' என்ற விண்வெளிக் கதை விளையாட்டை வெளியிட்டது. கொடுங்கோலன் லாசிக்கின் வீரர்கள், ஆலிஸ் என்ற பெண்ணின் அண்ணனைக் கொன்று விடுகின்றனர். நீதி கேட்டு அவள் புறப்படுகிறாள். தோழர்களைச் சேர்த்து, மூன்று கிரகங்களுக்குச் செல்கிறாள். ஆலிஸாக முடிவெடுப்பது, விளையாடுபவரே! இப்படி ஒரு பாத்திரம் ஏற்பதால், 'ரோல் பிளேயிங் கேம்' என்று பெயர். இதன் ஓவியங்களில் பெரும்பங்கு, ரியேகோ கொடாமா என்ற பெண்ணுடையது.

நீண்ட கதை; ஒரே நாளில் முடியாது. விட்ட இடத்தை நினைவில் வைக்க, கார்ட்ரிட்ஜுக்குள் சிறு பேட்டரி இருந்தது.

ஆங்கிலத்தில், 1988ல் வந்தது. உரையாடல்கள் திரையில் எழுத்தாக வரும். படித்துப் புரிந்தால்தான் வழி தெரியும். ஆங்கிலம் அறியாத பிரேசில் சிறுவர்கள் என்ன செய்வர்? அங்குள்ள, 'டெக்டாய்' நிறுவனம், 1991ல் போர்ச்சுகீசிய மொழியிலேயே வெளியிட்டது. இன்னொரு பதிப்பு, 2018ல், 'நின்டெண்டோ ஸ்விட்ச்' கருவிக்கு வந்தது.

அண்ணனை இழந்த ஆலிஸ், முதலில் என்ன சொல்வாள்? நோட்டை எடுங்கள்; தமிழில் எழுதிப் பாருங்கள். நாளைய தமிழ் விளையாட்டு, அந்த வரியில் கூடத் துவங்கலாம்!